வெள்ளைத் தாளில் ஆடும் கால்கள்: புவெப்லோ நீர்வண்ண ஓவியங்களுக்கு ஓர் அறிமுகம்

வெறும் வெள்ளைத் தாள். அதன் குறுக்கே ஒரே வரிசையில் ஆணும் பெண்ணுமாக மாறிமாறி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்களின் முழங்கால்கள் ஒரே அளவு மடங்கியிருக்கின்றன. பெண்களின் வெறும் பாதங்கள் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. தரை என்று சொன்னேனே, படத்தில் தரையே கிடையாது. வானம், வீடு, மரம், நிழல் எதுவும் கிடையாது. ஆனால் ஆண்களின் இடுப்புத் துணியில் இருக்கும் பூத்தையல் கோடு கோடாகத் தெரிகிறது. கணுக்காலில் கட்டிய ரோமப் பட்டை, கையில் பிடித்த ஊசியிலைக் கொத்து, பெண்ணின் தலைமேல் நிற்கும் பலகையின் படிக்கட்டு விளிம்பு என்று ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

முதல் தடவை பார்க்கிறவருக்கு ஓவியர் பாதியில் எழுந்து போய்விட்டார் என்றுதான் தோன்றும். இல்லை, படம் முடிந்துவிட்டது. 1910-களிலும் 1920-களிலும் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் புவெப்லோ ஓவியர்கள் வரைந்த நடனப் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அந்த வெள்ளையைப் பார்க்கப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே பிடிபடும் என்பது என் அனுபவம்.

முதலில் யார் இந்த மக்கள்? 'புவெப்லோ' என்றால் ஸ்பானிய மொழியில் ஊர். 16-ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவிலிருந்து வடக்கே வந்த ஸ்பானியர்கள், மண்ணாலும் கல்லாலும் அடுக்கு வீடுகள் கட்டி, மக்காச்சோளம் பயிரிட்டு, ஓரிடத்தில் நிலையாக வாழ்ந்த மக்களைக் கண்டு அவர்களுக்கு வைத்த பொதுப்பெயர் அது. இன்று நியூ மெக்சிகோவில் 19 புவெப்லோ ஊர்கள் உள்ளன. பக்கத்து மாநிலமான அரிசோனாவின் ஹோப்பி மக்களையும் இவர்களோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். எல்லோரும் ஒரே மொழி பேசுகிறவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். டேவா, கெரெஸ், சூனி என்று ஒன்றோடொன்று உறவே இல்லாத மொழிகளும் இவர்களிடம் உண்டு.

மழை குறைந்த நிலம் அது. மக்காச்சோளம் முளைப்பதும் கதிர் பிடிப்பதும் மேகத்தின் கையில் இருக்கிறது. அதனால் ஊரின் ஆண்டு முழுவதும் சடங்குகளால் கட்டப்பட்டிருக்கிறது. கோடையில் மக்காச்சோள நடனம், குளிர்காலத்தில் எருமை நடனம், மான் நடனம் என்று ஒவ்வொன்றுக்கும் பருவம் உண்டு. 'நடனம்' என்ற சொல்லைக் கேட்டதும் மேடையும் கைதட்டலும் நினைவுக்கு வந்தால் அதை ஒதுக்கி வையுங்கள். இது கூட்டாகச் செய்யும் வேண்டுதல். ஊரில் பெரியவர்களும் சிறுவர்களும் சேர்ந்து கால் வைப்பார்கள். ஒரு பக்கம் பாடகர் கூட்டம் நிற்கும், அதன் நடுவே முரசு.

இன்னொரு விஷயத்தையும் இப்போதே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். சடங்கில் இரண்டு பகுதி இருக்கிறது. கிவா என்ற சடங்கு அறைக்குள் நடப்பது ஒன்று. பல ஊர்களில் அது தரைக்குள் இறங்கியிருக்கும், கூரையில் உள்ள திறப்பு வழியாக ஏணியில் இறங்குவார்கள். அங்கே நாள்கணக்கில் நடக்கும் ஆயத்தம் உரியவர்களுக்கு மட்டுமே தெரியும். மற்றொன்று ஊர் நடுவே உள்ள முற்றத்தில் பகல் வெளிச்சத்தில் நடக்கும் ஆட்டம். அதை விருந்தினர்களும் பார்க்கலாம். நாம் பேசப்போகும் ஓவியங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த முற்றத்து ஆட்டத்தைத்தான் காட்டுகின்றன.

சரி, தாளும் நீர்வண்ணமும் இவர்களிடம் எப்படி வந்தன? இரண்டும் வெளியிலிருந்து வந்த பொருள்கள்தான். ஆனால் தூரிகை புதிதில்லை. கிவாச் சுவர்களில் மண் வண்ணங்களால் தெய்வ உருவங்கள் தீட்டும் வழக்கம் பல நூற்றாண்டு பழையது. பானைமேல் வரைவது அதைவிடவும் பழையது. கத்தாழை போன்ற யக்கா செடியின் இலையை நறுக்கி, நுனியை மென்று நாராக்கிச் செய்த தூரிகையால் பானையைச் சுற்றிக் கோடு இழுப்பார்கள். வளைந்த பரப்பு. கீழே அடிப்படைக் கோடு போட்டுக்கொள்ளும் வழக்கமும் கிடையாது. கை நடுங்கினால் போச்சு.

சான் இல்டிஃபோன்சோ என்ற ஊர் சாண்டா ஃபே நகருக்கு வடமேற்கே, ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கிறது. டேவா மொழி பேசும் சின்ன ஊர். தொடக்ககால நீர்வண்ண ஓவியர்களில் பாதிப்பேருக்கு மேல் இந்த ஒரே ஊரிலிருந்து வந்ததுபோல் தோன்றும், அத்தனை பெயர்கள். காரணம் தேடினால் பானையில்தான் போய் நிற்கிறோம். அந்த ஊரில் பெண்கள் மண்ணைத் திரித்துத் திரித்துச் சுற்றிப் பானை எழுப்புவார்கள், சக்கரம் கிடையாது. அதன்மேல் சித்திரம் தீட்டும் வேலையை வீட்டு ஆண்கள் ஏற்றுக்கொள்வதும் அப்போது வழக்கமாகியிருந்தது. கிரெசென்சியோ மார்ட்டினெஸ் தன் மனைவியின் பானைகளுக்கு வரைந்தார். அவருடைய அக்காள் தங்கைகளில் ஒருவரான அல்ஃபோன்சிட்டாவின் பானைகளுக்கு மகன் அல்ஃபோன்சோ ராய்பல் வரைந்தார். கறுப்புப் பானைகளால் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மரியா மார்ட்டினெஸின் பானைகளுக்குக் கணவர் ஹூலியன் வரைந்தார். இந்த மூன்று ஆண்களும் தாளிலும் வரைந்தார்கள். ஒரு கோட்டைத் தயங்காமல் ஒரே இழுப்பில் முடிக்கும் அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்கத் தேவையில்லை.

இதற்கு முன்பே ஊர்ப் பள்ளியில் ஒரு சின்ன விதை விழுந்திருந்தது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே ஆசிரியையாக இருந்த எஸ்தர் ஹாய்ட், பிள்ளைகளுக்கு வண்ணமும் தாளும் கொடுத்து, தங்கள் ஊர் நடனங்களை வரையச் சொன்னார். அமெரிக்க அரசு நடத்திய பள்ளியில் அப்படி ஒரு ஆசிரியை இருந்தது அரிது. பழங்குடிப் பிள்ளைகளின் மொழியையும் சடங்கையும் மறக்கடிப்பதுதான் அந்தப் பள்ளிகளின் அறிவிக்கப்பட்ட வேலையாக இருந்தது.

அதே சமயத்தில் தொல்லியலாளர் எட்கர் லீ ஹியூவெட் அருகிலுள்ள மேட்டு நிலத்தில் பழைய குடியிருப்புகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். கூலி வேலைக்கு வந்தவர்கள் சான் இல்டிஃபோன்சோ ஆண்கள். அவர்களில் ஒருவர்தான் கிரெசென்சியோ. கிடைத்த அட்டைத் துண்டுகளில் அவர் நடனக்காரர்களை வரைந்துகொண்டிருந்ததை ஹியூவெட் கவனித்தார் என்று சொல்வார்கள். 1917-இல் நல்ல தாளும் வண்ணமும் கொடுத்து, ஊரின் கோடை, குளிர்காலச் சடங்குகளில் ஆடுகிறவர்கள் எல்லோரையும் வரைந்து தரும்படி கேட்டார். கிரெசென்சியோ வரையத் தொடங்கினார். வரிசை முடியவில்லை. 1918-இல் உலகம் முழுவதும் பரவிய இன்ஃபுளுவென்சா அந்தச் சின்ன ஊரையும் விடவில்லை. அவர் இறந்தபோது நாற்பது வயதுகூட ஆகியிருக்காது.

அவருடைய மருமகன், அதாவது அந்த அல்ஃபோன்சிட்டாவின் மகன், கலை உலகில் அவா ட்சிரே என்ற டேவாப் பெயரால் அறியப்படுகிறார். சம்பங்கோரைப் பறவை என்று அதற்குப் பொருள். 1898-இல் பிறந்து 1955-இல் மறைந்தார். புவெப்லோ நீர்வண்ணத்தை ஒரே ஓவியரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் நான் இவரைத்தான் சொல்வேன். தொடக்கத்தில் மாமனைப் போலவே வெள்ளைத் தாளில் வரிசையாக ஆடுகிறவர்களை வரைந்தார். போகப்போகப் பானை வடிவங்கள் தாளுக்குள் வந்தன. படிக்கட்டு மேகம், வானவில், மின்னல், கொம்புள்ள நீர்ப் பாம்பு. உடலில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட சடங்குக் கோமாளிகள் வானவில்மேல் ஏறி நிற்கும் படங்கள் அவருடைய கைவண்ணம்.

பெண்களில் தனியாகச் சொல்ல வேண்டியவர் தொனிட்டா பென்யா. 1893-இல் சான் இல்டிஃபோன்சோவில் பிறந்தார். பன்னிரண்டு வயதுவாக்கில் தாய் நோயில் இறந்துபோக, கொச்சிட்டி என்ற வேறொரு புவெப்லோவில் இருந்த சிற்றன்னை மார்ட்டினா விகிலிடம் வளர்ந்தார். அந்தச் சிற்றன்னையும் பேர்பெற்ற பானைக் கலைஞர். அந்தக் காலத்தில் மனித உருவங்களை வரைவது ஆண்களின் வேலை, பானையில் வடிவக்கோலங்கள் பெண்களுக்கு என்ற பிரிவு இருந்தது. தொனிட்டா அந்தக் கோட்டைத் தாண்டினார். அவருடைய படங்களில் ஆடுகிறவர்களின் உடலில் ஒரு கனம் இருக்கும். கால் தரையில் விழும் எடை தெரியும், தரையை வரையாமலேயே. பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, பானையும் செய்துகொண்டு, 1949-இல் மறையும்வரை வரைந்தார்.

சான் இல்டிஃபோன்சோவுக்கு வெளியே இன்னொரு தொடக்கம் சாண்டா ஃபே நகரத்து விடுதிப் பள்ளியில் நடந்தது. 1915-இல் ஹோப்பி ஊரிலிருந்து ஃபிரெட் கபோட்டி என்ற பையன் அங்கே கொண்டுவரப்பட்டான். அந்த மாதிரிப் பள்ளிகளில் தலைமுடி வெட்டப்படும், சீருடை மாட்டப்படும், தாய்மொழி பேசினால் தண்டனை. 1918-இல் புதிதாக வந்த மேற்பார்வையாளர் ஜான் டிஹஃப்பின் மனைவி எலிசபெத், கபோட்டி, ஓட்டிஸ் பொலெலோனெமா, சியா ஊரைச் சேர்ந்த வெலினோ ஷிஹே ஹெரெரா போன்ற மாணவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்து வரைய வைத்தார். கபோட்டி வரைந்தது கட்சினாக்களை. ஹோப்பி மக்களுக்கு மழையும் நலமும் கொண்டுவரும் ஆவி உருவங்கள் அவை. ஊரை விட்டு அவ்வளவு தூரத்தில் தனிமையில் இருக்கும்போது கண்முன் இருப்பதை வரையத் தோன்றாது, மனதில் இருப்பதைத்தான் வரைவோம் என்ற பொருளில் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேச்சுதான் நினைவில் ஓடும். சுற்றிலும் இருந்த பள்ளிக்கூடம் படத்தில் இல்லை. ஆடுகிறவர்கள் மட்டும் இருக்கிறார்கள்.

அந்த ஆண்டுகளில் இந்த நடனங்களே ஆபத்தில் இருந்தன. 1883-இலேயே அமெரிக்க அரசு பழங்குடிச் சடங்கு நடனங்களைக் குற்றமாக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. 1921-இல் பழங்குடி விவகாரத் துறையின் ஆணையர் சார்லஸ் பர்க் அதை மேலும் இறுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். 1923-இல் வந்த அதன் தொடர்ச்சியைப் படித்தால் மனம் கசக்கும். மாதத்துக்கு ஒரு நடனம் போதும், அதுவும் வார நடுவில் ஒரே ஒரு பகல். மார்ச், ஏப்ரல், ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அதுவும் கூடாது. 50 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ஆடவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். மக்காச்சோளம் வளரும் மாதங்களில் மக்காச்சோள நடனம் கூடாது, பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்க்கவும் கூடாது என்றால், ஒரு தலைமுறையில் அது செத்துப்போகும் என்பதுதான் கணக்கு. புவெப்லோ ஊர்கள் விடாமல் எதிர்த்தன. சாண்டா ஃபேயில் குடியேறியிருந்த கலைஞர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். 1934-இல் ஜான் கோலியர் ஆணையராக இருந்தபோதுதான் சடங்குகளில் தலையிடக் கூடாது என்ற உத்தரவு வந்தது.

அப்படியானால் அரசின் ஒரு கை தடுத்துக்கொண்டிருந்த ஆட்டத்தை அதே நாட்டின் கண்காட்சிக் கூடங்கள் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தன. 1920-இல் ஓவியர் ஜான் ஸ்லோன் முன்னின்று நியூயார்க்கில் சுயேச்சை ஓவியர் சங்கத்தின் கண்காட்சியில் புவெப்லோ நீர்வண்ணங்களை வைத்தார். அதே ஆண்டில் சிகாகோவில் அவா ட்சிரேயின் படங்கள் காட்சிக்கு வந்தன. 1931-இல் நியூயார்க்கில் பெரிய அளவில் பழங்குடிக் கலைக் கண்காட்சி நடந்தது. 1932-இல் வெனிஸ் வரை போயின.

இப்போது மறுபடி அந்த வெள்ளைத் தாளுக்கு வருவோம். மக்காச்சோள நடனப் படம் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் பெண்களின் தலையைப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் மெல்லிய மரப்பலகைக்குத் தப்லிட்டா என்று பெயர். பெரும்பாலும் பச்சை கலந்த நீலம். மேல் விளிம்பு படிப்படியாக வெட்டப்பட்டிருக்கும், அது அடுக்கு மேகம். கறுப்பு உடை ஒரு தோளை மட்டும் மூடும், இடுப்பில் சிவப்புக் கச்சை, கால் வெறுமை. இரண்டு கையிலும் ஊசியிலைக் கொத்து. எந்தப் பருவத்திலும் பச்சை மாறாத இலை என்பதால் அதற்கு அங்கே இடம்.

அப்புறம் ஆண்கள். வெள்ளைப் பருத்தி இடுப்புத் துணி, அதன் பக்கத்தில் தொங்கும் பின்னல் கச்சை. கச்சையின் முனையில் நீளமான நூல்கள் விழுகின்றனவே, அவை மழைத் தாரை. மழைக் கச்சை என்றுதான் அதைச் சொல்கிறார்கள். பின்னால் தொங்குவது நரித்தோல். கையில் சுரைக்குடுக்கைக் கிலுகிலுப்பை, அதன் ஓசை மழைச் சத்தம். முழங்காலில் சில சமயம் ஆமையோட்டுக் கிலுகிலுப்பை கட்டியிருக்கும். தலையிலிருந்து பாதம்வரை ஒவ்வொன்றும் மேகத்தையும் நீரையும் அழைக்கிறது. ஓவியர் வானத்தை வரையவில்லை என்றோமே, வானம் உடையிலேயே இருக்கிறது.

வரிசைக்குப் பக்கத்தில் உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைப் பட்டையுடன், தலைமுடியை இரண்டு கொம்புபோல் கட்டி அதில் காய்ந்த மக்காச்சோளத் தோகை செருகிய உருவங்கள் தென்பட்டால் அவர்கள் கொஷாரே. கோமாளிகள் என்று எழுதுவார்கள், நானும் மேலே அப்படித்தான் எழுதினேன். அது பாதி உண்மை. சிரிக்க வைப்பார்கள், ஆட்டக்காரரின் அவிழ்ந்த கச்சையைக் கட்டிவிடுவார்கள், ஒழுங்கு தவறியவர்களை ஊர் முன்னால் கேலி செய்து திருத்துவார்கள். முன்னோர்களின் ஆவிகளாக மதிக்கப்படுகிறவர்கள் அவர்கள்.

கடைசியாக முகங்கள். எல்லாம் ஒன்றுபோல் இருப்பதாகத் தோன்றும். அவசரப்படாமல் வரிசையை ஒருமுறை கண்ணால் நடந்து பாருங்கள். ஒருவர் கொஞ்சம் குனிந்திருப்பார், ஒருவரின் முடி கொஞ்சம் கலைந்திருக்கும், ஒரு கொத்து சற்றே உயர்ந்திருக்கும். முரசுத் தாளத்தில் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கால் வைக்கும்போது எப்படி இருக்குமோ அப்படி. தனி ஆளை எடுத்துக்காட்டுவது ஓவியரின் எண்ணமே இல்லை.

சரி, அந்த வெள்ளை எதற்கு? நிழலும் தூரமும் காட்டும் ஐரோப்பிய முறையை இவர்கள் பள்ளியில் கற்கவில்லை என்று ஒரு பதில் உண்டு. பானையிலும் கிவாச் சுவரிலும் பின்னணி வரையும் பழக்கம் இல்லை என்பது இன்னொரு பதில். ஆடையின் விவரத்தைக் கேட்டு வாங்கிய தொல்லியலாளருக்குப் பின்னணி தேவைப்படவில்லை என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. நான் நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பேன், இது என் கருத்து மட்டுமே. எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பது இந்த ஓவியர்களுக்கு அன்றாடக் கேள்வியாக இருந்தது. முற்றத்தில் எல்லோரும் பார்த்ததைக் கொடுத்தார்கள். கிவாவுக்குள் நடந்ததைக் கொடுக்கவில்லை. ஆட்டக்காரரைச் சுற்றியிருக்கும் அந்த வெள்ளை எனக்கு ஒரு மூடிய கதவுபோலவும் தெரிகிறது.

கோட்டைத் தாண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களும் உண்டு. நம் ஓவியர்களுக்கு முன்பே, 1900-ஐ ஒட்டி, மானுடவியலாளர் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் ஹோப்பி ஆண்கள் சிலரைக் கொண்டு கட்சினா உருவங்களை வரைய வைத்தார். 1903-இல் அது அரசு அறிக்கையாக அச்சானது. முதலில் ஊரார் ஆர்வமாக வந்து பார்த்தார்கள். பிறகு இது சூனிய வேலை என்ற பேச்சு பரவியது, வரைந்தவர்கள் சங்கடப்பட்டார்கள். முகமூடி அணிந்த கட்சினா ஆட்டத்தை ரியோ கிராண்டே ஊர்கள் இன்றுவரை வெளியாருக்குக் காட்டுவதில்லை. அதனால் பழைய படங்களில் சிலவற்றை வெளியில் காட்டலாமா என்பதை அருங்காட்சியகங்கள் இப்போது அந்தந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்பதுதான் முறை.

'தொடக்ககால' என்று ஏன் பிரித்துச் சொல்கிறோம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1932-இல் டோரதி டன் என்ற ஆசிரியை அதே சாண்டா ஃபே பள்ளியில் ஓவிய வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். 'ஸ்டூடியோ' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. 1937-இல் அவர் போகும்வரை பல பழங்குடிகளின் பிள்ளைகள் அங்கே பயின்றார்கள். சாண்டா கிளாரா ஊரின் பப்லிட்டா வெலார்டே அவர்களில் ஒருவர். முந்தைய ஓவியர்களின் தட்டையான வண்ணமும் சுத்தமான கோடும் அங்கே ஒரு பாடமாக, ஏறக்குறைய விதியாக மாறியது. நல்ல ஓவியர்கள் வந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பழங்குடி ஓவியம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதனோடு வந்தது. பிற்கால ஓவியர்கள் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தொனிட்டாவின் மகன் ஜோ ஹெரெராவே 1950-களில் அந்தப் பாணியை விட்டு, பாறைச் சித்திரங்களிலிருந்தும் கிவாச் சுவர்களிலிருந்தும் வடிவங்களை எடுத்து நவீன ஓவியம் செய்தார். கிரெசென்சியோவுக்கும் தொனிட்டாவுக்கும் அப்படி ஒரு பாடம் இருக்கவில்லை. அவர்கள் போட்ட கோடுதான் பிறகு பாடமானது.

இந்தப் படங்கள் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகங்களிலும் சாண்டா ஃபேயிலும் இருக்கின்றன. பலவற்றை இணையத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். அவா ட்சிரேயிலிருந்து தொடங்குங்கள். ஆட்டத்தையே பார்க்க வேண்டும் என்றால், சான் இல்டிஃபோன்சோவின் ஊர்த் திருநாள் ஜனவரி 23. எருமை நடனமும் கொமாஞ்சே நடனமும் அன்றைக்கு நடக்கும். பெரும்பாலான புவெப்லோ ஊர்களில் சடங்கு நேரத்தில் படம் பிடிக்கக் கூடாது, ஒலி பதியக் கூடாது, பென்சிலால் வரையவும் கூடாது. கைபேசியை வண்டியிலேயே வைத்துவிட்டு, முற்றத்தின் ஓரத்தில் பேசாமல் நிற்க வேண்டும்.